உப்பிட்டவர் யார்?

‘இரத்த அழுத்தம்’ என்னும் நூற்சொல் நமது லயங்களுக்குள் இன்னும் நுழையவில்லை. நோய் நுழைந்து நெடுங்காலமாயிற்று. ‘பிரஷர்’ என்றால் எல்லோருக்கும் விளங்குகிறது. அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, இராகலை, எப்பகுதித் தோட்டத்துக்குச் சென்றாலும் அறுபதைக் கடந்த மூதாட்டி ஒருத்தி மாத்திரை உறையைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருப்பதைக் காணலாம். இலங்கையில் வயது வந்தோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இந்நோய் உண்டென்று 2021ஆம் ஆண்டின் நாடளாவிய கணிப்புக் கூறிற்று. வயது ஏற ஏற அவ்விகிதம் ஏறுமேயன்றி இறங்குவதில்லை. வலியில்லை, காய்ச்சலில்லை, தலைச்சுற்று வந்தால் ‘பித்தம்’ என்று சொல்லி இஞ்சித் தேநீரோடு முடித்துவிடுவார்கள். ஒருநாள் விடியற்காலையில் அடுப்படியிலேயே வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்து சாயும்போதுதான் அது பித்தமன்று என்பது வீட்டாருக்குத் தெரிகிறது.

இதைத் தடுக்க நம்மிடையே நடைபெறும் திருப்பணி யாது? ஆண்டுக்கொரு முறை ஒரு மருத்துவ முகாம். வரிசையில் நிறுத்திக் கையில் பட்டையைச் சுற்றி அளந்து, எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, இறுதியில் ஓர் உபதேசம். “உப்பைக் குறையுங்கள். கருவாட்டை விடுங்கள். நிறையக் காய்கறியும் பழமும் உண்ணுங்கள். தினமும் அரைமணி நேரம் நடவுங்கள்.” நடக்க வேண்டுமாம்! நாற்பது ஆண்டுகள் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைச்சரிவில் ஏறி இறங்கி, முழங்கால் தேய்ந்து வந்து நிற்பவளுக்குச் சொல்லப்படும் அறிவுரை இது. ஒரு முகாமில் நமக்குக் கிடைத்த துண்டுப் பிரசுரம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. ஆடை நீக்கிய பால், ஓட்ஸ் கஞ்சி, ஒலிவ் எண்ணெய், அப்பிள் என்று நாலும் படத்தோடு அச்சிட்டிருந்தது. தமிழும் பிழையாக இருந்தது. அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. அப்பிள் எந்த மரத்தில் காய்க்கிறதென்று அறியாத லயத்துப் பிள்ளைகள் அந்தப் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள். பிரசுரத்தால் விளைந்த பயன் அவ்வளவே.

உபதேசம் பொய்யென்று நாம் சொல்லவில்லை. மெய்யானதே. மிகுதியாகச் சேரும் உப்பு உடம்பில் நீரைப் பிடித்து வைக்கிறது. முதுமையில் சிறுநீரகம் அவ்வுப்பை வெளியேற்றும் ஆற்றலில் தளர்கிறது. நாடிகளின் சுவர் நெகிழ்ச்சி இழந்து விறைக்கிறது. ஆதலின் இருபது வயதினன் தாங்கும் உப்பை அறுபது வயதினள் தாங்க மாட்டாள். நாவின் சுவையுணர்வும் வயதோடு மங்குவதால் முதியவர்களுக்கு முன்னையிலும் கூடுதலாக உப்புப் போட்டாலன்றிக் கறி கறியாகத் தோன்றுவதில்லை. மேல் எண் 140, கீழ் எண் 90 என்னும் எல்லையைத் தாண்டினால் நோய் என்கிறார்கள். நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. அது தேக்கரண்டியில் தலைதட்டி ஒரு கரண்டி. சமையலில் போடுவதும், பாணிலும் கருவாட்டிலும் மறைந்து வருவதும் எல்லாம் சேர்த்து. மருந்தில்லாமல் உணவாலேயே அழுத்தத்தை இறக்க முடியுமென்பதையும் ஐயமற நிறுவியிருக்கிறார்கள். 1997இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், காய்கறியும் பழமும் கொழுப்புக் குறைந்த பாலுணவும் நிறைந்த சாப்பாட்டை எட்டு வாரம் உண்ட நோயாளருக்கு மேல் எண் ஏறத்தாழ 11 அலகு இறங்கிற்று. ஒரு மாத்திரையின் வேலையை உணவு செய்தது.

இவ்வளவும் உண்மையாயிருக்க, நாம் ஏன் சினங்கொள்கிறோம்? உண்மையைச் சொல்பவர்கள் அதை யாருக்குச் சொல்கிறோம் என்பதை மறந்துவிட்டார்கள், அதனாலேயே. சாப்பாடு என்பது நாவடக்கம் பற்றிய விஷயம், கட்டுப்பாடில்லாத கிழவிக்குப் புத்தி சொன்னால் போதும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். திருக்குறளில் ‘மருந்து’ என்றோர் அதிகாரம் உண்டு. அளவறிந்து, பசித்தபின், உடம்புக்கு ஒத்ததை உண்ணச் சொல்கிறார் வள்ளுவர். ஒத்ததைத் தேர்ந்தெடுக்கத் தட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பண்டமேனும் இருக்க வேண்டுமல்லவா?

தட்டைப் பார்ப்போம். நாம் ஆசிரியத் தொழில் செய்கிறோம். தோட்டத்துத் தட்டை ஒவ்வொரு நாளும் பகல் இடைவேளையில் பார்க்கிறோம். பிள்ளைகள் திறக்கும் பெட்டிக்குள் கோதுமை மா ரொட்டி. மெல்லிய ரொட்டி பசி தாங்காது. ஆகவே கனத்த ரொட்டி. மாவிலேயே உப்பு. தொட்டுக்கொள்ளக் கட்டைச் சம்பல்: செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு. தேங்காய் மலிந்த வாரத்தில் தேங்காய்ச் சம்பல். சம்பளம் கைக்கு வந்த நாளில் நெத்தலியோ கருவாட்டுத் துண்டோ. வீட்டில் பாட்டி உண்பதும் இதுவே. பெரும்பாலும் எல்லோரும் உண்டபின் மிஞ்சும் இதுவே. இந்தத் தட்டில் உப்பு ருசிக்காக வரவில்லை. ஒரு பிடி கறியைக் கொண்டு இரண்டு ரொட்டியை விழுங்க வேண்டியிருக்கிறதே, அதற்காக வந்தது. காசு குறையக் கறி குறைகிறது. கறி குறைய உப்பும் உறைப்பும் கூடுகின்றன. இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் ‘கருவாட்டை விடுங்கள்’ என்பவர், வாரத்தில் ஒருநாள் வாய்க்கும் அந்தச் சிறு புரதத்தையும் விட்டுவிடச் சொல்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், இதெல்லாம் நடப்பது காய்கறிக்குப் பேர்போன மாவட்டத்தில்! நுவரெலியாவிலும் கந்தப்பளையிலும் கரட்டும் லீக்ஸும் கோவாவும் பீற்றூட்டும் உருளைக்கிழங்கும் விளைந்து லொறி லொறியாகத் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் இறங்குகின்றன. உப்பின் தீங்கைத் தணிக்கும் பொட்டாசியம் அந்த லொறிகளில் ஏறிப் போகிறது. லயத்தின் வாசலைத் தாண்டித்தான் போகிறது.

இத்தட்டை யார் சமைத்தார்? பஞ்சம் பிழைக்க வந்த நம் முன்னோர் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரச் சீமைகளில் உண்டது கேழ்வரகும் கம்பும் சோளமும் கீரையும். தோட்டத்துக்கு வந்தபின் அரிசி, அதுவும் தோட்ட நிர்வாகம் கொடுத்துக் கூலியில் பிடித்துக்கொண்ட அரிசி. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டங்கூட நிர்ணயித்த விலைக்கு அரிசி கொடுப்பதைக் கூலியோடு சேர்த்தே பேசிற்று. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டுக்குள் கோதுமை மா புகுந்தது. போர் போயிற்று, மா போகவில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் அந்த மாவும் அரிசியும் குறைக்கப்பட்டபோது தோட்டங்களில் பட்டினிச் சாவு மலிந்தது. அந்நாளைப் பார்த்தவர்கள்தாம் இன்றைய முதியவர்கள். மாவை அவர்கள் எவ்வளவு பத்திரமாக மூடி வைக்கிறார்கள் என்பதைக் கண்டவர் அதன் காரணத்தையும் அறிவர். பின்னர் 2022 சனவரியில் அரசு நிவாரணம் அறிவித்தபோது தோட்டக் குடும்பத்துக்கென ஒதுக்கியது எது? மாதம் 15 கிலோ கோதுமை மா, கிலோ 80 ரூபாய் வீதம். பருப்பன்று, பாலன்று, முட்டையன்று. அரசுக்குத் தோட்டத்து வயிறு நினைவு வருகிறபோதெல்லாம் மாவே நினைவு வருகிறது. அவ்வாண்டின் நெருக்கடியில் உணவின்றித் தவித்த குடும்பங்கள் நகரத்தையும் கிராமத்தையும்விடத் தோட்டப்புறத்திலேயே அதிக விகிதமாக இருந்தன என்பதை உலக உணவுத் திட்டத்தின் கணிப்பும் காட்டிற்று.

‘சம்பளம்’ என்னும் சொல்லைச் சம்பாவும் அளமுமாகப் பிரித்து, நெல்லும் உப்பும் கூலியாய்க் கொடுத்த காலத்தை அதில் காட்டும் அறிஞர் உளர். அப்பிரிப்புச் சரியோ அன்றோ, தோட்டத்துக்கு அது பொருந்துகிறது. சம்பாவின் இடத்தில் மா வந்ததுதான் வேறுபாடு. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நம் பாட்டிமார் வாயில் ஓயாத பழமொழி. நினைக்கட்டும், நன்றாகவே நினைக்கட்டும். யார் இட்ட உப்பு என்று மட்டும் கேட்டு நினைக்கட்டும்.

இனி நம் பக்கத்தாரிடமே சில சொல்ல வேண்டியிருக்கிறது.

உழைப்பவன் வியர்வை சிந்துகிறான், வியர்வையோடு உப்புப் போகிறது, ஆகவே அவனுக்கு உப்பு மிகுதியாக வேண்டும் என்றொரு வாதம் நம் எழுத்தாளரிடையேயும் தொழிற்சங்க நண்பரிடையேயும் வேரூன்றியிருக்கிறது. வியர்வையை நாம் கவிதையில் அவ்வளவு பாடிவிட்டோம். விஞ்ஞானத்திலும் அதையே பாடுகிறோம். ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவின் குளிரில், அதுவும் வேலையை விட்டு வீட்டிலிருக்கும் முதியவளுக்கு எவ்வளவு வியர்வை? அது போகட்டும். 1988இல் 32 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து வெளியிட்ட பேராய்வு ஒன்றுண்டு. அதில் அமேசன் காட்டு யானோமாமி மக்களும் இடம்பெற்றனர். கொதிக்கும் காட்டில் வேட்டையாடித் தோட்டமிட்டு வாழும் அவர்கள் உப்பை அறவே சேர்ப்பதில்லை எனலாம். அவர்களுக்குள் இரத்த அழுத்தம் நோயாக இல்லை, வயதோடு ஏறவுமில்லை. ‘கிழடானால் பிரஷர் வரத்தான் செய்யும்’ என்பதும் ‘வியர்த்தால் உப்பு வேண்டும்’ என்பதும் ஒருங்கே இங்கு உடைகின்றன.

அசாமையும் பார்க்கலாம். அங்கும் தேயிலை, அங்கும் வேற்று நிலத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட கூலி மக்கள், அங்கும் வரிசை வீடுகள். தோட்டங்களில் உப்புப் போட்ட கறுப்புத் தேநீர் குடிப்பது வழக்கம். வெயிலில் களைக்காமலிருக்க என்று காரணமும் சொல்வார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திப்ருகார் நிலையத்தார் அத்தோட்டங்களில் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு என்ன? ஆராயப்பட்ட வயதினருள் பாதிக்கு மேற்பட்டோருக்கு உயர் இரத்த அழுத்தம். மிகை உப்பும் உள்ளூர்ச் சாராயமும் காரணங்களுள் முன் நின்றன. கசிப்புக் குடிக்கும் நம் தோட்டத்தாருக்கும் அப்பின்பாதி பொருந்தும். தொந்தி விழுந்த செல்வரின் நோய் இது என்னும் எண்ணத்தையும் அந்த ஆய்வு பொய்யாக்கிற்று. அவர்கள் மெலிந்த உழைப்பாளிகள்.

மற்றொரு வாதம்: “முதலில் சம்பளம் உயரட்டும், சம்பளம் உயர்ந்தால் உணவு திருந்தும், உணவு திருந்தினால் நோய் தீரும். அதற்குமுன் உப்பைப் பற்றிப் பேசுவது திசைதிருப்பும் வேலை.” இதைச் சொல்வோர் நம் தோழர்கள், ஆயினும் இதை நாம் ஏற்பதற்கில்லை. ஆயிரம் ரூபாய் நாட்கூலிக்காக ஆண்டுக்கணக்கில் போராடினோம். 2021இல் அது கிடைத்தது. 2024இல் 1350 ஆயிற்று. இவ்வுயர்வில் ஒரு சதமேனும் ஓய்வுபெற்ற முதியவளின் முடிச்சுக்குள் நேரே விழுந்ததுண்டா? சேமலாப நிதியை மொத்தமாக வாங்கி மகள் கலியாணத்துக்கும் பழைய கடனுக்கும் கொடுத்துவிட்டு, ஓய்வூதியம் என்று ஒன்றில்லாமல் பிள்ளையின் சட்டியிலிருந்து உண்பவள் அவள். சம்பளப் பேச்சில் அவள் பெயரே இல்லை; பெயர்ப் பதிவிலிருந்து நீங்கியவளுக்காகச் சந்தா வாங்கும் சங்கம் எதற்குப் பேசும்? கூலி உயர்வதற்காகக் காத்திருக்க நாடி நரம்புக்குத் தெரியாது. மேலும், வருமானம் உயர்ந்த வீட்டில் உப்புக் குறைந்ததையும் நாம் காணவில்லை. கருவாட்டோடு பொட்டல நூடில்ஸும் சுவைக்கட்டியும் சேர்ந்ததையே கண்டோம். சம்பளம் வேண்டும். சம்பளமே எல்லாமும் ஆகிவிடாது.

அப்படியானால் எங்கே தொடங்குவது? சட்டியில். தோட்டத்து வீட்டில் சமைப்பவள் யார் என்பதை முகாமில் பேசுவோர் கேட்டறிந்ததில்லை. மகனும் மருமகளும் விடியலில் பெரட்டுக்குப் போய்விட, உலையேற்றுபவள் பெரும்பாலும் அந்த மூதாட்டியே. நோயாளியின் கையில்தான் வீட்டின் உப்புச் சிரட்டை இருக்கிறது. ஆனால் அவள் தன் நாவுக்காகச் சமைக்கவில்லை. களைத்து வருகிறவர்களின் நாவுக்காகச் சமைக்கிறாள். உப்புக் குறைந்த கறியை வைத்து, ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்று மருமகளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள எந்த மாமியார் விரும்புவாள்? தனக்கென வேறொரு சட்டி வைக்க விறகுமில்லை, காம்பராவில் இடமுமில்லை. ஆகவே ‘நீ உப்பைக் குறை’ என்பது அவள் செய்ய முடியாத காரியம். ‘வீடு உப்பைக் குறைக்கட்டும்’ என்பதே நடக்கக்கூடியது.

சீனத்தில் இதை அறிந்து செய்தார்கள். 600 கிராமங்களில், ஏறத்தாழ 21,000 பேர். பாரிசவாதம் கண்டவர்கள் அல்லது அறுபது கடந்து அழுத்தம் மிகுந்தவர்கள். பாதிக் கிராமங்களுக்குக் கால் பங்கு பொட்டாசியம் குளோரைட்டுக் கலந்த உப்பை வீட்டுச் சமையலுக்கே இலவசமாகக் கொடுத்தார்கள். ஐந்து ஆண்டளவில் அக்கிராமங்களில் பாரிசவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. 2021இல் இம்முடிவு வெளிவந்தது. உபதேசம் எதுவும் ஒரு பெருவேலை செய்யவில்லை. உப்பு மாறியது, அவ்வளவே. (சிறுநீரக நோயுள்ளவரும் சிலவகை மாத்திரை உண்போரும் வைத்தியரைக் கேளாமல் இவ்வுப்பைத் தொடலாகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) தோட்டத்துக் கூட்டுறவுக் கடையில் மானிய விலைக்கு மாவைக் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த உப்பைக் கொடுக்கத் தெரியாதா? உப்பையே ஒழிக்கச் சொல்லவுமில்லை. இலங்கையில் 1995 முதல் உண்ணும் உப்பில் அயடின் சேர்க்கப்படுகிறது. கழலை நோயைத் தடுக்க அது வேண்டும். அட்டைக்கும் வேண்டும், மழைக்காலத்தில் காலில் ஏறும் அட்டைக்கு. மற்ற அட்டைகள் உப்புக்கு உதிர்வதில்லை.

அடுத்தது நிலம். வீட்டுக்கு 7 பேர்ச்சஸ், 10 பேர்ச்சஸ் என்று காணி பேசப்படும்போதெல்லாம் கூரையைப் பற்றியே பேசுகிறோம். கூரைக்குப் பின்னால் நாலு பாத்தி கீரைக்கு இடமுண்டா என்று கேட்டவர் குறைவு. வல்லாரையும் பொன்னாங்காணியும் பயிரிட முதியவள் எவரிடமும் பாடம் கேட்க வேண்டாம். நிலம் அவளுடையதாக இருக்க வேண்டும். துரையின் தயவில் இன்று விதைத்து நாளை தேயிலைக் கன்று நடவென்று பிடுங்கப்படும் துண்டாக இருக்கக் கூடாது. ‘காய்கறி நிறைய உண்ணுங்கள்’ என்னும் உபதேசம் உண்மையில் ஒரு காணிக் கோரிக்கை என்பதை உபதேசிப்போர் உணர்வாராக.

அளப்பதும் மருந்தும் பற்றிச் சிறிது. டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியால் கட்டிய 150 படுக்கை வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டது, வரவேற்கிறோம். ஆனால் பஸ் ஏறாத மேல்மலைத் தோட்டத்து முதியவளுக்கு மாதாந்தக் கிளினிக் என்பது ஒரு முழுநாள். துணைக்குப் போகும் மகளுக்கு அன்றைய பேர் போயிற்று. இரண்டு மாதம் போவாள், மூன்றாம் மாதம் நிறுத்துவாள். மாத்திரையைப் பாதியாக உடைத்து உண்பாள். இதற்கும் வழி காட்டப்பட்டிருக்கிறது, அதுவும் இந்நாட்டிலேயே. வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை மூன்றிலும் 30 கிராமப்புறச் சமூகங்களில் அரசின் சுகாதார ஊழியர் நோயாளியின் வீட்டுக்கே சென்று அளந்து, உணவைப் பற்றி வீட்டாரோடு பேசி, வேண்டியவரை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகளில், அவ்வாறு செய்யாத இடங்களைவிட மேல் எண் 5 அலகு கூடுதலாக இறங்கியதென 2020இல் அறிவித்தார்கள். களனிப் பல்கலைக்கழகத்தார் இதில் பங்கு கொண்டனர். கிராமத்துக்குச் செல்லும் கால்கள் லயத்துக்கும் வரவேண்டும். வருகிற கால்களுக்குத் தமிழ் பேசும் வாய் இருக்க வேண்டும்.

கொழுந்து நிறுக்கும் தராசு இல்லாத மலை தோட்டத்தில் உண்டா? நாளுக்கு மும்முறை நிறுக்கிறார்கள். ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேர். ஈரத்துக்கென்று கழிக்கிறார்கள், கூடைக்கென்று கழிக்கிறார்கள். இலையின் எடையில் இத்தனை நுட்பம் காட்டுகின்ற இடத்தில், அந்த இலையைப் பறித்தவளின் இரத்தம் என்ன வேகத்தில் ஓடுகிறதென்று பார்க்க ஒரு கருவி இல்லை. அக்கருவியின் விலை அரிதானதன்று. இயக்கக் கற்பதும் ஒரு மாலை நேர வேலை. உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளால் அதைச் செய்ய முடியும். பிரட்டுக் களத்தில் ஞாயிறு காலையில் செய்ய முடியும். அளந்த எண்களை ஒரு கொப்பியில் எழுதி, தோட்டம் தோட்டமாகச் சேர்த்து, அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்குப் போகிற தலைவர்கள் கையில் கொடுப்பதாக நாம் சில ஆசிரியர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். கொப்பி தயார். கருவிக்குப் பணம் சேர்கிறது. அந்தக் கொப்பியை மேசையில் விரிக்கத் துணியும் சங்கம் எது என்பதையே இனிப் பார்க்க வேண்டும்.